பின்னங்கால் செயலிழந்த நாய்க்கு இரு சக்கர வண்டி: எட்டு மாத அனுபவம்

வாகனம் மோதித் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்தபடி தவழ்ந்துகொண்டிருந்த செவலையை நாங்கள் மீட்டபோது, பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர் அவளுக்குப் பத்து வயதாவது இருக்கும் என்றார். காயம் ஆறி, முன்னங்கால்களும் தோள்களும் வலுவாக இருப்பதை அவர் உறுதிசெய்த பின்னரே இந்த வண்டியை வாங்கினோம். முன்னங்கால்களும் தளர்ந்துபோன நாய்க்கு இரு சக்கர வண்டி ஏற்றதல்ல. அதற்கு நான்கு சக்கர வண்டிதான் வேண்டும்.

அலுமினியச் சட்டமும், தொடைகள் நுழைவதற்கான இரண்டு வளையங்களும், மார்புப் பட்டையும், பாதங்கள் தரையில் உரசாமல் தூக்கிவைக்கும் வார்களும் கொண்ட எளிய அமைப்பு இது. எடை குறைவு, கழுவுவதும் சுலபம். ஆனால் இதன் பயன் முழுவதும் அளவெடுப்பதில்தான் இருக்கிறது. துவண்டு தொங்கிய இடுப்பை நாங்கள் சரியாகத் தாங்கிப் பிடிக்காமல் உயரத்தை அளந்துவிட்டதால், முதல் வாரம் முழுவதும் அவளுடைய முதுகு பின்புறமாகச் சரிந்தே இருந்தது. முதுகெலும்பு தரைக்கு இணையாக நிற்கும்படி சட்டத்தை உயர்த்தி, பாரம் தோளில் இறங்காமல் சக்கரங்களின் மேல் விழும்படி திருத்திய அன்றுதான், அவள் தானாகவே தோட்டத்தின் மறுகோடி வரை சென்று, ஒவ்வொரு செடியின் அடியையும் நிதானமாக மோந்து பார்த்தாள். அந்தக் காட்சிக்காகவே இந்த வண்டிக்கு என் முழு மதிப்பெண்ணையும் தருவேன்.

முதலில் பத்து நிமிடம், பழகிய பிறகு அரைமணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வண்டியில் பூட்டிய நாயால் படுக்க இயலாது. மேடுபள்ளத்தில் கவிழவும் கூடும் என்பதால் தனியே விட்டுச் செல்லவே கூடாது.

குறை ஒன்று உண்டு. தொடை வளையத்தின் ரப்பர் விளிம்பு, மயிரில்லாத கவட்டுப் பகுதியில் உரசித் தோலைச் சிவக்கச் செய்தது. அந்த இடத்தில் அவளுக்கு உணர்வு இல்லை, வலித்தாலல்லவா முனகுவாள்? ஆகவே ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நாம்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். பருத்தித் துணியைச் சுற்றித் தைத்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

வாங்க நினைப்பவர்கள் மீதி நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செவலையால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி நாள்தோறும் பல முறை வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலிசெய்கிறோம். தேங்கினால் கிருமித்தொற்று வரும் என்பதால், நிறமோ நாற்றமோ மாறினால் உடனே பரிசோதனைக்குக் கொண்டுசெல்கிறோம். இடுப்பெலும்பில் படுக்கைப்புண் வராதிருக்கத் தடித்த மெத்தையில் கிடத்தி, சில மணிக்கொருமுறை புரட்டிவிடுகிறோம். வண்டியில் நிற்கவைத்தால் வயிற்றை அழுத்துவது எளிதாக இருப்பது நாங்கள் எதிர்பாராத நன்மை.

செயலிழந்த தொடைகளின் தசை நாளடைவில் மெலியும். ஆகவே வளையங்களை மாற்றிப் பொருத்த வழியுள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் வண்டியில் அந்த வசதி இருந்ததால்தான் எட்டு மாதங்களுக்குப் பிறகும் அது அவளுக்குப் பொருந்துகிறது.