மசராட்டி கிரான்டூரிஸ்மோ: ஒன்பது ஆண்டுகள், ஒரே வழி

2016ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த இத்தாலியக் காரை வாங்கினேன். 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு, எஸ் ஆட்டோமேட்டிக் வகை, அடர்நீலம். கைக்கு வந்தபோது 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு ஒரே வழியில் ஓடியதுதான்: சூரிச்சிலிருந்து கோட்ஹார்டு மலையைக் கடந்து, மிலான் வழியாக மொடேனா. ஏறத்தாழ 450 கிலோமீட்டர். தொழில் நிமித்தம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்வருகிறேன். கார் பிறந்த ஊரும் மொடேனாதான். அங்கே சீரோ மெனோட்டி சாலையில் உள்ள பழைய ஆலையில்தான் 2007 முதல் 2019 வரை இது உருவானது.

எடுத்த எடுப்பில் எல்லோர் கண்ணிலும் படுவது அதன் நீண்ட மூக்கு. அழகுக்காக நீட்டியிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பானெட்டைத் திறந்து பார்த்த அன்று அந்த எண்ணம் போய்விட்டது. சிவப்பு மூடிகள் கொண்ட வி8 எஞ்சின் (இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர்கள்) முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி, கண்ணாடியின் அடிவாரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. 1,880 கிலோ எடையுள்ள வண்டியில் முன்பக்கம் 49 விழுக்காடும் பின்பக்கம் 51 விழுக்காடும் விழுவது அதனால்தான். எஞ்சினைப் பின்னால் தள்ளியபின் ஆட்களுக்கும் இடம் வேண்டும். ஆகவே முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான நீளம் 2,942 மில்லிமீட்டர் ஆனது. பொறியாளர்கள் எடுத்த அந்த ஒரு முடிவின் மேல் பினின்ஃபரீனா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தின் ஜேசன் காஸ்ட்ரியோட்டா வரைந்த உடல்தான் நாம் பார்ப்பது. எலும்புக்கு ஏற்ற சதை.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பக்கமும் முன்சக்கரங்களின் மேல் எழும் மேடுகள் தெரியும். மாலை வெயிலில் அவற்றின் முதுகில் ஒளி கோடுபோல் வழுக்கி ஓடும். பார்க்க அழகு, பயனும் உண்டு. குறுகிய மலைப்பாதையில் எதிரே பஸ் வரும்போது, சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை; அந்த மேடு சொல்லிவிடும்.

இனி எஞ்சின். இதை எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆசை தீராது. 4,691 சிசி, 440 குதிரைத்திறன், டர்போ கிடையாது. தயாரித்தது மரனெல்லோவில் உள்ள ஃபெராரி ஆலை. ஃபெராரி எஃப்430 காரில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். ஆனால் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வேறு. ஃபெராரியில் அதன் முழங்கைகள் எல்லாம் ஒரே தளத்தில், 180 பாகையில் இருக்கும். எடை குறைவு, சட்டென்று சுழற்சி ஏறும், அதிர்வும் கூடவே வரும். மசராட்டி கேட்டு வாங்கியது சிலுவை வடிவக் கிராங்க்ஷாஃப்ட். முழங்கைகள் 90 பாகை இடைவெளியில் நிற்க, எதிர் எடைகள் அதிர்வை விழுங்கிவிடுகின்றன. பந்தயத் தடத்தில் பத்து நிமிடம் ஓட்டுபவருக்கு முதலாவது போதும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அந்த உறுமலும் இங்கிருந்துதான் வருகிறது. சிலுவை அமைப்பில் ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்கும் இடம் ஒன்று உண்டு. தாளம் அங்கே லேசாகத் தட்டும். அடித்தொண்டையிலிருந்து எழும் கமகம் போல. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் புகைக்குழாயின் வால்வுகள் திறந்து அது முழுக்குரலில் வெளிவரும். அழுத்தாவிட்டால் அடங்கிக் கிடக்கும். 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்டு சுரங்கத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரில், ஆறாவது கியரில் போகும்போது டயரின் ஓசைதான் அதிகம் கேட்கும். அந்த அடக்கத்துக்காகவே இந்தக் காரை எனக்கு அதிகம் பிடிக்கும்.

கோடையில் நேரமிருந்தால் சுரங்கத்தை விட்டு மேலே ஏறி, தெற்குச் சரிவில் ட்ரெமோலா என்னும் பழைய பாதையில் இறங்குவேன். கருங்கல் பாவிய சாலை, 24 கொண்டை ஊசி வளைவுகள். 20 அங்குலச் சக்கரங்களோடு கல்பாதையில் இறங்கினால் முதுகு ஒடியும் என்றுதான் முதல்முறை பயந்தேன். ஸ்கைஹூக் சஸ்பென்ஷன் அந்தப் பயத்தைப் பொய்யாக்கியது. வானத்தில் ஒரு கொக்கி மாட்டி அதில் வண்டியின் உடலைத் தொங்கவிட்டால் கீழே சக்கரங்கள் என்ன ஆட்டம் போட்டாலும் உடல் ஆடாது என்ற கற்பனைதான் அந்தப் பெயர். சென்சார்கள் சக்கரத்தின் அசைவையும் உடலின் அசைவையும் அளந்துகொண்டே இருக்க, ஆட்டத்தை அடக்கும் டாம்பர்கள் அதற்கேற்ப இறுகித் தளர்கின்றன. கற்களின் நெருநெருப்பு பாதத்துக்கு வருகிறது, இடுப்புக்கு வருவதில்லை. கியர் மாற்றும் நீண்ட துடுப்புகள் ஸ்டீயரிங் சக்கரத்தோடு சுழலாமல் அதன் தண்டில் நிலையாக நிற்பதும் இந்த வளைவுகளில்தான் அருமையாக விளங்கும். கை எங்கே திரும்பியிருந்தாலும் துடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பின்னிருக்கை பற்றிப் பலரும் நம்புவதில்லை. என் அம்மாவுக்கு வயது 74. ஏறும்போதுதான் கை கொடுக்க வேண்டும். சுரங்கம் முடிந்ததும் கண் அயர்ந்தவர் கோமோ அருகே சுங்கச்சாவடியில்தான் விழித்தார். இரண்டு கதவு வண்டி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் நான் கேட்கமாட்டேன். டிக்கி 260 லிட்டர்தான். இரண்டு சிறிய சூட்கேஸ்கள், ஒரு துணிப்பை, அவ்வளவே.

உள்ளே போல்ட்ரோனா ஃப்ராவ் நிறுவனத்தின் தோல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே களிம்பு பூசுகிறேன். ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரம் என் உடல் உரசி உரசி மெருகேறிவிட்டது, வெடிப்பு இல்லை. டாஷ்போர்டின் நடுவில் முள் வைத்த சிறிய கடிகாரம். கைப்பேசியில் மணி இருக்கும்போதும் என் கண் அதைத்தான் தேடுகிறது.

பெட்ரோல்: நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர், நகரத்துக்குள் 19 வரை போகும். டாங்க் 86 லிட்டர் என்பதால் மொடேனா வரை நிறுத்தாமல் போய்விடலாம். பராமரிப்புக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4,500 பிராங்க் ஆகிறது.

ஒரு கசப்பான அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். 90,000 கிலோமீட்டர் வாக்கில், குளிர்ந்த காலைகளில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஓர் உதறல் வந்தது. நான் வழக்கமாக விட்டுவந்த பழுதுபார்ப்பு நிலையத்தில், கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும், மாற்றவே தேவையில்லை என்று அடித்துச் சொன்னார்கள். பிறகு கியர்பாக்ஸே போய்விட்டது, புதியது போடவேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. இந்த ஆறு கியர் பெட்டியைச் செய்த ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வேறு ஓர் இடத்தில் கொடுத்தேன். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் வடிகட்டியும் ஒரே துண்டு. அதையும் சேர்த்து மாற்றினார்கள். எண்ணெயின் வெப்பத்தைப் பார்த்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவைச் சரிசெய்தார்கள். வெளியே வழிந்த பழைய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மறுநாள் காலை உதறல் இல்லை. இன்றுவரை இல்லை.

2022இல் அறிமுகமான புதிய கிரான்டூரிஸ்மோவில் இந்த வி8 இல்லை. இரட்டை டர்போ வி6, இல்லாவிட்டால் மின்சாரம். ஆகவே பழையதைத் தேடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது: நிறத்தையும் கிலோமீட்டரையும் பிறகு பாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். பிறகு, இரவு முழுக்க நிறுத்திவைத்த வண்டியை நீங்களே காலையில் கிளப்பி, முதல் பத்து நிமிடம் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிப்பாருங்கள்.