டிமார்க் வேலை செய்கிறது, மஞ்சள் பட்டைதான் உயிரை எடுக்கிறது

கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி செய்யும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க கம்பெனி பேர்ல வேற எவனும் மெயில் போடாம இருக்க ஏதோ சர்வீஸ் வச்சிருக்கீங்களாமா, வாங்கலாமுங்களா?" போனில் ஆரம்பித்தால் திட்டித் தீர்த்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மூன்று பெயர்கள். எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகேஐஎம் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து, இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது டிமார்க். நாங்கள் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி. ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு போகும் முன் அனுப்பும் பில்) போகிற நேரம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அட்வான்ஸை இதில் போடவும்" என்று நம் பெயரில் எவனோ பையருக்கு (நம்மிடம் சரக்கு வாங்குபவருக்கு) எழுதுவதுதான் இங்கே பெரிய பயம். மொத்தமாக ஏராளமான மெயில் அனுப்புவோருக்கு டிமார்க் வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி எங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பயத்துக்காகவே டிமார்க்கும் இந்த சர்வீஸும் போட்டோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிமார்க் அறிக்கைகள் எக்ஸ்எம்எல்லில் வரும், மனிதன் படிக்க முடியாது. இந்த சர்வீஸ் அதை அழகாகப் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. எங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று அதில்தான் பார்த்தோம்: சம்பள சாஃப்ட்வேர், கூரியர் புக்கிங், வெப்சைட் விசாரணைப் படிவம், நடுவில் நமக்குச் சம்பந்தமே இல்லாத சர்வர்கள். நம்முடையதை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, டிமார்க்கை 'நன்' (none, எதுவும் செய்யாதே) நிலையிலிருந்து 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு), பிறகு 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று நிதானமாக ஏற்றினோம். எஸ்பிஎஃப்பில் பத்து டிஎன்எஸ் (இணைய முகவரிகளின் பொதுப் பதிவேடு) தேடலுக்கு மேல் போனால் மொத்தமும் பிழையாகிவிடும். அதைக்கூட முன்கூட்டியே எச்சரித்தது. இந்த வேலைக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி அந்த மஞ்சள் பட்டை. இதே சர்வீஸ் உள்ளே வரும் ஒவ்வொரு வெளி மெயிலின் தலையிலும் "இது வெளியிலிருந்து வந்தது, கவனம்" என்று ஒட்டுகிறது. ஏற்றுமதிக் கம்பெனிக்கு வரும் மெயில் எல்லாமே வெளியிலிருந்துதானே வரும்! நிட்டிங் மிஷின் சத்தம் மாதிரி, இப்போது யார் கண்ணிலும் படுவதில்லை. போனில் முன்னோட்ட வரியில் பையர் என்ன கேட்டார் என்பதற்குப் பதில் "கவனம்" மட்டும்தான் தெரிகிறது. அதைவிடக் கொடுமை, பதில் போட்டால் பட்டையும் கூடவே போகிறது. எங்கள் மெர்ச்சண்டைசரும் ஜெர்மனி பையரும் நாலு முறை எழுதிக்கொண்டால் நாலு பட்டை அடுக்காக நிற்கும். "எங்களை நம்பவில்லையா?" என்று அந்த ஜெர்மனி அம்மா ஒரு நாள் கேட்டே விட்டார்.

சப்போர்ட்டில் கேட்டால், பையரின் டொமைனை (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால் பட்டை போகும், அவர்களிடமிருந்து வரும் மெயிலுக்கான சோதனையும் மொத்தமாகப் போய்விடும். பையரின் மெயில்பாக்ஸையே எவனாவது பிடித்துவிட்டால்? என்ன ஒரு யோசனை!

இன்னொன்றையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். டிமார்க் நம் சொந்த டொமைனுக்கு மட்டும்தான் காவல். 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதிப் புது டொமைன் வாங்கினால் அது தடுக்காது. 2013 முதல் 2015 வரை, தைவானின் குவான்டா கம்பெனி பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார் லிதுவேனியாக்காரர் எவால்டாஸ் ரிமசாஸ்கஸ். அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி. அதனால் வங்கி விவரம் மாறுவதாக மெயில் வந்தால், பழைய இன்வாய்ஸில் உள்ள நம்பருக்கு போன் போட்டுக் கேட்காமல் எங்கள் அக்கவுண்ட்ஸில் பணம் நகராது. அதற்குச் சந்தா கிடையாது.

புதுப்பிக்கும் பில் வந்திருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. அறிக்கைக்காகக் கட்டிவிடுவேன். ஆனால் நண்பரே, நீங்கள் வாங்காதீர்கள். டிமார்க் பதிவை டிஎன்எஸ்ஸில் போட காசு கிடையாது, முதலில் அதைப் போடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வெளியே போகும் பதிலில் மட்டுமாவது அந்தப் பட்டையைக் கழற்றினால் நாலு தருகிறேன்.