ஓப்பன்ஃபோம் (காத்து எப்படி பாயும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுற சாஃப்ட்வேர்) வச்சு 6 வருஷமா காத்து லோடு பாக்குறேன், என் அனுபவம்

சிங்கப்பூர்ல ஸ்ட்ரக்சர் டிசைன் வேலை எனக்கு. சாதா பெட்டி மாதிரி பில்டிங்னா யூரோகோடு 1991-1-4-ங்குற காத்து லோடு விதிப்புத்தகமே போதும், இங்க அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 20 மீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 240 நியூட்டன், டேபிள பாத்து பெருக்கி முடிச்சிரலாம். ஆனா ரெண்டு டவருக்கு நடுவுல நெளிஞ்சு போற கூரை ஒண்ணு வந்துச்சு, அதுக்கு எந்த டேபிளும் பொருந்தல, அப்ப இறங்குனதுதான் இந்த ஓப்பன்ஃபோம்ல. ஓப்பன் சோர்ஸ், லைசன்ஸ் காசு இல்ல. எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதணும், மொத மூணு மாசம், காத்து பாயுற எடத்த சின்னச் சின்னக் கட்டமா பிரிக்கிற மெஷ்ஷுலயே போச்சு.

மொத ரிசல்ட்ல கூரை விளிம்புல உறிஞ்சுற விசை ரொம்ப கம்மியா வந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், ஸ்டீல் மிச்சம்னு நெனச்சேன். எங்க சீனியர் அண்ணன் பாத்துட்டு "தம்பி, மொதல்ல ஒரு பெட்டிய ஓட்டிட்டு வா"ன்னாரு. இங்கிலாந்துல சில்சோங்குற எடத்துல 6 மீட்டர் கனசதுரம் ஒண்ண வெட்டவெளியில நிறுத்தி நெஜக் காத்துலயே அளந்திருக்காங்க, அத ஓட்டுனேன், அதுலயும் அதே தப்பு. டர்புலன்ஸ, அதாவது காத்தோட சுழல் கொந்தளிப்ப, கணக்கு போடுற சாதா கே-எப்சிலான் மாடல் காத்து மோதுற முகத்துல அத அளவுக்கு மீறி உண்டாக்கிருது, அதனால காத்து மேல் விளிம்புல பிரிய வேண்டிய அளவுக்கு பிரியாம கூரைய ஒட்டியே போகுது, அதான் உறிஞ்சுற விசை கம்மியா தெரியுது. கே-ஒமேகா எஸ்எஸ்டிங்குற இன்னொரு மாடலுக்கு மாத்துனதும் எவ்வளவோ தேவலாம். அன்னையிலேர்ந்து பெட்டி ஓட்டாம நான் எந்த வேலையும் தொடறதில்ல.

இன்னொண்ணு, இந்த மாடலெல்லாம் தர்றது சராசரிக் காத்தோட கணக்குதான். நம்ம ஊர்ல ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலைல சுமத்ரா காத்துன்னு திடீர் சூறக்காத்து வந்து அடிக்கும் பாருங்க, அது சராசரியாவா அடிக்குது? வேகம் ரெண்டு மடங்கானா லோடு நாலு மடங்கு. 1965-ல இங்கிலாந்து ஃபெர்ரிபிரிட்ஜ் மின் நிலையத்துல 8 கூலிங் டவர்ல 3 விழுந்துச்சு, சராசரி வேகத்த வச்சு டிசைன் பண்ணிருந்தாங்க, டவருங்க கூட்டமா நிக்கும்போது காத்து ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு மேல எப்படி பாயும்னும் பாக்கல. எங்க கூரையும் ரெண்டு டவருக்கு நடுவுலதானே, அத நெனச்சா தூக்கம் வரல. அதனால நொடிக்கு நொடி மாறுற காத்த, அதோட பெரிய சுழல்களோட கணக்கு போடுற எல்இஎஸ் முறைய ஓட்டுனேன், ஒரு திசைக்கே 64 கோர்ல 4 நாள் ஆச்சு.

சரிபாத்த கணினி முறைன்னா பயன்படுத்தலாம்னு யூரோகோடு சொல்லுது, ஆனாலும் கடைசி நம்பர, சின்ன மாதிரி செஞ்சு வச்சு காத்தடிச்சு அளக்குற விண்ட் டனல்லதான் எடுத்தோம். அங்க அழுத்தம் அளக்குற துளைங்கள (பிரஷர் டேப்) எங்கெங்க நெருக்கமா வைக்கணும்னு எல்இஎஸ் பாத்துதான் முடிவு பண்ணோம். தெக்கு மூலைதான் மோசம்னு அது காட்டுச்சு, டனல்லயும் அதே மூலைதான், நம்பர் மட்டும் இன்னும் கூட வந்துச்சு.