சோலார் வியாபாரத்துக்கு ஆள் கொண்டுவருவது கட்டுரையா, யூடியூபா, ரீல்ஸா?

வீட்டு மாடியில் சோலார் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். ஈரோடும் திருப்பூரும்தான் எல்லை. போன் நம்பர் பட்டியல் வாங்கி வரிசையாகக் கூப்பிடும் வேலையை விட்டுவிட்டு, தேவை இருப்பவர் தாமாகத் தேடி வரும்படி ஏதாவது செய்யலாம் என்று முடிவானபோது மூன்று வழிகள் இருந்தன: சொந்த இணையதளத்தில் கட்டுரைகள், யூடியூபில் பத்து நிமிட வீடியோக்கள், ரீல்ஸும் ஷார்ட்ஸும். நாங்கள் கட்டுரைக்கு முதலிடம் கொடுத்தோம். அதனால் கீழே உள்ளதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ரீல்ஸ் எடுப்பது சுலபம், செலவும் குறைவு. பேனலை மாடிக்கு ஏற்றுவதை அரை நிமிடம் காட்டினாலே நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஆனால் பார்க்கிறவர் நாகர்கோவிலில் இருப்பார். அங்கே போய் நாங்கள் வேலை செய்யப் போவதில்லை. பக்கத்து ஊர்க்காரரே பார்த்தாலும் அங்கிருந்து நம்மிடம் வருவதற்கு வழி சுற்று. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காது. யூடியூப் ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் 31 முதல் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்ட்டிலும் இருக்கும் லிங்க்குகள் திறப்பதில்லை. "விலை சொல்லுங்க" என்று கமென்ட் வரும். "வீட்டில் எத்தனை யூனிட் ஓடுது சார்?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் அதோடு சரி.

உண்மையான போட்டி யூடியூபின் நீள வீடியோதான். ஸ்ட்ரக்சரை, அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு ஏற்றினால் மாடி எப்படி இருக்கும், எர்த்திங் குழி எங்கே வரும், பேனலைத் துடைக்க எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையெல்லாம் எழுதி விளக்கப் பல பத்தி வேண்டும். வீடியோவில் இரண்டு ஷாட் போதும். தேடினாலும் கிடைக்கும், வருடக்கணக்கில் நிற்கும். பேசுகிறவர் முகம் தெரிவதால் நம்பிக்கையும் வருகிறது. வாசிக்கப் பொறுமை இல்லாத வீட்டுப் பெரியவர்கள்தான் பல இடங்களில் கடைசி முடிவு எடுக்கிறார்கள், அவர்களுக்கு இதுதான் சரி.

கட்டுரை என்றால் "சூரிய சக்தியின் நன்மைகள்" போன்றது இல்லை. காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர் அதைத் தேடுவதில்லை. கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, என்ன தட்டிவிட்டு நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்தால் வேறு உலகம் தெரியும். "3 கிலோவாட் மானியம் எவ்வளவு", "கரண்ட் போனா சோலார் ஓடுமா", பாதி தமிழ் எழுத்தில், பாதி ஆங்கில எழுத்தில். ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை, பதில் முதல் பத்தியிலேயே. கரண்ட் போனால் சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் (ஈபி லைனோடு இணைத்தது, பேட்டரி இல்லாதது) நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் அப்படியே எழுதியிருக்கிறோம். அதைப் படித்துச் சிலர் கிளம்பிவிடுவார்கள், போகட்டும். மாடியை அளந்து முடித்த பிறகு சண்டை போடுவதைவிட அது மேல்.

எங்களுக்கு நன்றாக ஓடும் கட்டுரை ஈபி பில்லை வைத்துக் கணக்குப் போடுவது. 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. பில்லில் 600 யூனிட் என்றால் இரண்டரை கிலோவாட் வேண்டும், ஆக 3 கிலோவாட் போடலாம். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று பார்த்தால் நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இந்த 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். இந்தக் கணக்குக்கு அடியில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான், அவ்வளவுதான். பெயர், மின்னஞ்சல், முகவரி கேட்கும் படிவம் எதுவும் இல்லை. பொத்தானைத் தட்டினால் "600 யூனிட் கணக்கு படித்தேன், என் பில்லை அனுப்புகிறேன்" என்ற வரி தானாகவே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் வேறு வேறு வரி வைத்திருப்பதால், எது படித்துவிட்டு வருகிறார் என்பது முதல் மெசேஜிலேயே தெரிந்துவிடும். பில்லை போட்டோ எடுத்து அனுப்புகிறவர் பெரும்பாலும் வேலை தருகிறவர்.

சரி, இதையெல்லாம் வீடியோவிலும் சொல்லலாமே? சொல்லலாம். எங்களைக் கட்டுரைப் பக்கம் தள்ளியது ஒரே விஷயம், திருத்துவது.

சோலாரில் எண்கள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மொத்த விலையில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தை வேலையாகவும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி விகிதத்தில் வரி போடுவதால், மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9 ஆகிவிட்டது. வரிக்கு முன் 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,820 ரூபாய் வித்தியாசம். கட்டுரையில் நான்கு இடத்தில் எண்ணை மாற்றி, மேலே தேதியையும் மாற்றினோம், ஒரு டீ குடிக்கிற நேரம். முகவரி அதேதான். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ எப்போதோ பகிர்ந்த லிங்க்கைத் தட்டினாலும் புதுக் கணக்குதான் திறக்கும்.

அதே கணக்கை வாயால் சொல்லியிருக்கும் வீடியோவை என்ன செய்வது? யூடியூபில் ஒரு வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது. வேண்டாத பகுதியை வெட்டலாம், தலைப்பை மாற்றலாம், பின் செய்த கமென்ட்டில் திருத்தம் போடலாம். கமென்ட்டை யார் படிக்கிறார்கள்? புதிதாக எடுத்து ஏற்றினால் பழையதில் சேர்ந்த பார்வைகளும் கமென்ட்டுகளும் அதனோடே போய்விடும். எடுக்காமல் விட்டால் இன்னும் கஷ்டம், நன்றாக ஓடுகிற வீடியோதான் பழைய விலையை அதிகம் பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மின்கட்டணம், பேனல் விலை, மானிய விதிமுறை என்று எது மாறினாலும் இதே கதை. திரும்ப ஷூட்டிங், திரும்ப எடிட்டிங். எங்களைப் போல ஆள் பலம் இல்லாத கடைக்கு அது கட்டுப்படியாகாது.

கட்டுரையின் குறையையும் சொல்ல வேண்டும். கூகுள் உடனே தூக்கி வைத்துவிடாது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்துக்கே வேலை பிடிக்க வேண்டிய நிலைமை என்றால் இதை நம்பாதீர்கள். இப்போது தேடல் பக்கத்தில் கூகுளே ஏஐ பதிலை மேலே சொல்லிவிடுவதால் மானியத் தொகை மாதிரி ஒற்றை வரி பதில்களுக்கு ஆட்கள் உள்ளே வராமலே போகலாம். பில் கணக்குக்கு அந்த அடி குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. காசு கட்டி விளம்பரம் செய்வதிலும் எங்கள் பழக்கம் கொஞ்சம்தான், அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை. அப்புறம், சேலை, இனிப்பு, கேக் மாதிரி கண்ணால் பார்த்து வாங்குகிற பொருள் விற்கிறீர்கள், எந்த ஊருக்கும் கூரியரில் அனுப்புவீர்கள் என்றால் நான் ரீல்ஸுக்குச் சொன்ன குறை எதுவும் உங்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

வீடியோவை நாங்களும் விட்டுவிடவில்லை. ஆனால் அதில் ரூபாயும் சதவீதமும் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டரை வெயில் படாமல் எங்கே மாட்டுவது, பேனலை எந்த நேரத்தில் கழுவுவது, நெட் மீட்டர் (ஈபியிலிருந்து வந்த கரண்டையும் நாம் திருப்பிக் கொடுத்ததையும் காட்டும் மீட்டர்) டிஸ்ப்ளேயை எப்படிப் படிப்பது, இந்த மாதிரி. விலைக்கு மட்டும் டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியில் கட்டுரையின் லிங்க் இருக்கும்.