கேபினெட் முன்பக்க ஆடியோ ஜாக்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது கடைசியாகச் செருகப்படுவதும், பல நேரம் செருகப்படாமலே போவதும் கேபினெட் முன்பக்க ஜாக்கை (ஹெட்போன், மைக் செருகும் துளை) மதர்போர்டோடு இணைக்கும் ஆடியோ வயர்தான். "பின்னாடிதான் ஜாக் இருக்கே சார்" என்று சுருட்டி உள்ளே தள்ளி மூடிவிடும் கடைக்காரர்களும் உண்டு. தினமும் ஹெட்போனை மாட்டிக் கழற்றுகிற எனக்கு அது சரிப்படாது. மேசைக்கு அடியில் குனிந்து பச்சை எது, இளஞ்சிவப்பு எது என்று தடவும் பாடு இல்லை என்பதற்காகவே சில வருடங்களாக முன் ஜாக்கைத்தான் பயன்படுத்துகிறேன்.

இணைப்பது சுலபம். மதர்போர்டின் கீழ் விளிம்பில், பின்பக்க ஜாக்குகள் இருக்கும் ஓரமாகவே பெரும்பாலும் இதற்கான இடம் இருக்கும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து பின் (நிமிர்ந்து நிற்கும் குட்டி உலோக ஊசி). அதில் எட்டாவது பின் மட்டும் கிடையாது. பக்கத்தில் ஆசுஸ் போர்டு என்றால் ஏஏஎஃப்பி என்றும், எம்எஸ்ஐ என்றால் ஜேஏயுடி1 என்றும் எழுதியிருக்கும். யுஎஸ்பி 2.0 பின்களும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அதில் இல்லாதது ஓரத்துப் பின். கனெக்டர் அழுத்தியும் இறங்கவில்லை என்றால் இடம் தப்பு, மேலும் அழுத்தாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு மாட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். அப்புறம் விரல் நுழையாது.

என் பழைய கேபினெட்டில் ஒரே வயருக்கு இரண்டு தலை: ஒன்று எச்டி ஆடியோ, மற்றொன்று ஏசி 97. இரண்டும் கம்ப்யூட்டர் ஒலியைக் கையாளும் முறைகள். ஏசி 97 என்பது 1997-ல் வந்தது. 2004-ல் இன்டெல் எச்டி ஆடியோவைக் கொண்டுவந்த பிறகு அதற்கு வேலை குறைந்துபோனது. இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும் என்பதுதான் வம்பு. ஏசி 97 தலையைச் செருகினாலும் பாட்டு கேட்கலாம், ஆனால் ஹெட்போன் மாட்டியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எச்டியில் ஜாக்குக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது; செருகியவுடன் 6, 7, 10-ஆம் பின்கள் வழியாகச் செய்தி போகும். நான்காவது பின் கிரவுண்டோடு (மின்சாரம் திரும்பும் பொது இணைப்பு) சேர்ந்திருப்பதை வைத்து முன்னால் இருப்பது எச்டி பேனல் என்று போர்டு புரிந்துகொள்ளும். ஆகவே எச்டி தலையைச் செருகிவிட்டு, இன்னொன்றை டேப் சுற்றி ஓரம் கட்டுங்கள்.

ஏசி 97 காலத்துப் போர்டு கைக்கு வந்தால் ஒரு விஷயம். பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியே முன் பேனலைச் சுற்றித்தான் வரும். பெரியப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் யாரோ முன் வயரைக் கழற்றியிருக்க, ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. 5-6, 9-10 பின்களுக்கு இரண்டு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி) போட்டதும் பேசியது.

ஒலித்தரம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: பாட்டுக்குப் பரவாயில்லை, மைக்குக்குச் சுமார். வால்யூமைக் கூட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் காதுக்குள் கொசு ரீங்காரம். வயர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் போனது ஒரு காரணம். அதை மதர்போர்டு தட்டின் பின்பக்கமாகச் சுற்றி, பவர் சப்ளை வயர்களிலிருந்து விலக்கிக் கட்டியதும் சத்தம் நன்றாகவே குறைந்தது. முன் யுஎஸ்பியில் போன் சார்ஜ் ஏறும்போது மட்டும் இன்னும் லேசாக இரையும். யுஎஸ்பியும் ஆடியோ ஜாக்கும் முன் பேனலுக்குள் இருக்கும் ஒரே சின்ன போர்டில் கிரவுண்டைப் பகிர்வதால் அது போகாது. குரல் பதிவு செய்வதென்றால் நான் மைக்கைப் பின்னால்தான் செருகுவேன்.

நாள்பட்ட பயன்பாட்டில் முன் ஜாக்கின் பெரிய லாபம் வேறு. ஜாக் தளர்ந்து ஒரு காது மட்டும் கேட்க ஆரம்பித்தபோது, இரண்டு திருகைக் கழற்றி அந்தச் சின்ன போர்டை மட்டும் மாற்றினேன். பின்பக்க ஜாக் என்றால் மதர்போர்டிலேயே சால்டர் வைக்க வேண்டியிருந்திருக்கும். புதிய கேபினெட் வாங்குவோர் ஒன்று கவனிக்கவும்: சிலவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஜாக்தான். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனிப் பிளக் கொண்ட பழைய ஹெட்செட் வைத்திருந்தால், அந்த இரண்டையும் ஒரே ஜாக்கில் செருக உதவும் ஒரு ஸ்ப்ளிட்டரும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.