பிளாஸ்டிக் பம்பரில் துரு எப்படி வரும்? கார் பாலிஷுக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னை குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால், அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 2017-ஆம் ஆண்டு வாங்கிய வெள்ளைக் கார் எட்டு வருடங்களாகத் தெருவோரத்திலேயே நிற்கிறது. வாரம் ஒருமுறை நானோ அப்பாவோ கழுவிவிடுவோம். சென்ற செப்டம்பரில் கழுவித் துடைத்தபோதுதான் பானெட்டிலும் கூரையிலும் கடுகைவிடச் சிறிய ஆரஞ்சுப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கவனித்தேன். ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கார் டீடெய்லிங் கடைக்கு, அதாவது வண்டியைச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டுத் தரும் கடைக்கு, வண்டியை எடுத்துச் சென்றேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் என் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. கடைக்காரர் பானெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது உள்ளே தகட்டுல இருந்து வர்ற துரு. மழைக்கு முன்னாடி பாலிஷ் போட்டு செராமிக் கோட்டிங் அடிச்சுட்டா அப்படியே நின்னுடும். விட்டீங்கன்னா அடுத்த வருஷம் தகடு ஓட்டை விழும்" என்றார். செராமிக் கோட்டிங் என்பது பெயிண்ட்டின் மேல் பூசும் ஒரு காப்புப் பூச்சு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 14,500 ரூபாய் கேட்டார். பில் வேண்டாமென்றால் 12,000 போதும் என்றார். கூட இருந்த அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்து, ஒரு நாள்கூட யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டேன்.

அந்த இடத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய ஒன்று என் கண்முன்னே இருந்தது. அதே ஆரஞ்சுப் புள்ளிகள் பின்பக்க பம்பரிலும் இருந்தன. பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. தகட்டிலிருந்து கிளம்பும் துரு பெயிண்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வருமே தவிர, வண்டி முழுவதும் சீராகத் தூவியதைப் போலப் புள்ளி வைக்காது. பம்பரிலும் கண்ணாடியிலும் அதே புள்ளி இருந்தால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. வண்டிகளோடே நாளெல்லாம் இருக்கும் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

காலை பத்து மணிக்கு விட்ட வண்டியை மதியம் இரண்டரைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி கண்ணைப் பறித்தது. தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள், முத்து முத்தாக உருண்டது. அப்பாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வீடு திரும்பும் வழியிலேயே தூறல் பிடித்தது. உண்மையான செராமிக் கோட்டிங் அடித்தால் குறைந்தது ஒரு நாளாவது வண்டி நனையாமல் இருக்க வேண்டும் என்பதும், ஒரு வாரம் வரை கழுவக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. எங்களிடம் அப்படி யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் முத்து உருளுவது நின்றது. வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பழைய புள்ளிகள் அத்தனையும் அதே இடங்களில் திரும்ப வந்திருந்தன. அத்துடன் வெயில் ஏறியதும் பானெட் முழுக்க வட்டவட்டமாகச் சிலந்திவலை போன்ற கீறல்கள் தெரிந்தன. பானெட்டின் நடுவே உயர்ந்து செல்லும் விளிம்பில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை மறைந்து சாம்பல் நிறக் கோடு ஒன்று இருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் குரோம் பட்டை, பால் படிந்த கண்ணாடி டம்ளர் போல மங்கிப் போயிருந்தது.

பம்மலில் முப்பது வருடமாகக் கார் பெயிண்ட்டிங் வேலை செய்யும் ஒருவரிடம் நண்பர் என்னை அனுப்பினார். அவர் முதலில் செய்தது, ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிக் காயவைத்த கூரையின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தது. என்னையும் செய்யச் சொன்னார். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடத்தில்கூடப் பைக்குள்ளிருந்த விரலுக்கு மணல் மணலாகத் தட்டியது. "பாலிஷ் போட்ட வண்டியா தம்பி இது? அழுக்கு அப்படியே இருக்கே" என்றார்.

பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் ஒன்றை, நிழலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் தெளித்தார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் படர்ந்து, நாவல்பழச் சாறு போலக் கோடு கோடாக வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. முடி நீக்கும் களிம்புகளில் உள்ள தயோகிளைகோலேட் வகை உப்புதான் இதிலும் வேலை செய்கிறது. அது இரும்போடு சேரும்போதுதான் இந்த ஊதா நிறம் வருகிறது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசும்போது பறக்கும் நுண்ணிய இரும்புத் தூள் பெயிண்ட்டின் மேலடுக்கில் குத்திக்கொண்டு உட்கார்ந்து, கடற்காற்றின் ஈரத்தில் துருவேறுகிறது என்று விளக்கினார். மெஷினால் தேய்த்தால் அந்தத் துகளின் தலை மட்டும் சீவப்படும், வேர் உள்ளேயே இருக்கும், அடுத்த மழையில் மறுபடி துரு கக்கும். எனக்கு நடந்தது அதுவேதான்.

திரவத்தைக் காயவிடாமல் நான்கைந்து நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார். அடுத்து, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டு, பிசைந்த கோதுமை மாவு போலிருந்த கிளே கட்டியால் அழுத்தம் கொடுக்காமல் முன்னும் பின்னும் தேய்த்தார். முதலில் கரகரவென்று சத்தம் கேட்டது, பத்துப் பன்னிரண்டு இழுப்பில் சத்தம் அடங்கி, கை வழுக்கியது. கட்டியைத் திருப்பிக் காட்டினார், பழுப்பு நிறமாகியிருந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தால்தான் தொடர வேண்டும் என்றும், கட்டி தரையில் விழுந்தால் எடுத்துத் தூர எறிய வேண்டும் என்றும், மண் ஒட்டிய கிளே காரைக் கிழித்துவிடும் என்றும் சொன்னார். பாலிஷ் என்ற பேச்சே இதற்குப் பிறகுதான் வர வேண்டுமாம்.

பானெட்டுக்கு வந்ததும் அவர் பேச்சு குறைந்தது. பெயிண்ட்டின் தடிமனைக் காட்டும் சின்ன மீட்டரை வைத்து அளந்தார். யாரும் கை வைக்காத கதவு இடுக்கில் 112 மைக்ரான், கூரையில் 104, பானெட்டின் நடுவில் 71, அந்தச் சாம்பல் கோட்டில் 38. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறத்தின் மேலே கண்ணாடி போலிருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அதுதான். கம்பளி பேடும் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையும் வைத்து ஒரே இடத்தில் மெஷினை அழுத்திப் பிடித்ததில், விளிம்பில் கிளியர் கோட்டும் வெள்ளையும் போய், நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமர் தெரிகிறது. "இதுக்கு மேல இதுல நான் மெஷின் வைக்க மாட்டேன். பானெட்டை மட்டும் பெயிண்ட் அடிக்கிறதுதான் வழி" என்றார். குரோம் பட்டையைப் பார்த்தவுடனேயே, தண்ணீர்க் கறையை எடுக்கக் கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்து துடைத்திருக்கிறார்கள் என்றார். கடையில் மேசைக்கு அடியில் நான் பார்த்த வெள்ளைக் கேனின் நெடி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஜிஎஸ்டி சாலையில் தெறிக்கும் தாரை அதற்கென்று உள்ள கரைப்பானில் துணியை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தெறிக்கும் சிமெண்ட்டுக்கு ஊதாத் திரவம் பயன்படாது. அது இறுகுவதற்கு முன் தண்ணீர் விட்டு எடுத்துவிட வேண்டும், இறுகியபின் கத்தியால் சுரண்டக்கூடாது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் படியும் வெள்ளை வட்டங்கள் வேறு வகை. இத்தனைக்கும் ஒரே மெஷினை எடுக்கும் கடை என்றால், வண்டியின் சாவியை அங்கே கொடுக்காதீர்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். "உங்க வண்டி பெயிண்ட்டே மட்டம் சார், ஏற்கெனவே யாரோ ரீபெயிண்ட் பண்ணியிருக்காங்க" என்று சொன்னார்கள். முதல் நாளிலிருந்து எங்களைத் தவிர வேறு யாரும் கை வைக்காத வண்டி அது. கதவு இடுக்கின் அளவையும் பானெட்டின் அளவையும் காட்டியபோது பேச்சை நிறுத்திவிட்டு 3,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை.

பில் வாங்காதது என் பெரிய தவறு. ஆனாலும் ஜிபே செய்த பதிவும், விலையையும் வேலையையும் குறிப்பிட்டு அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். அங்கே தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. மனுவைத் தயாராக வைத்திருக்கிறேன்.

உங்கள் வண்டியிலும் இப்படிப் புள்ளிகள் வந்திருந்தால், கடைக்குப் போகும் முன்பு பம்பரைப் பாருங்கள், பாலித்தீன் பையால் தடவிப் பாருங்கள். மெஷினை எடுப்பதற்கு முன் ஊதா நிறம் வழிவதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பெயிண்ட்டின் தடிமனை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பானெட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அப்பா தினமும் கேட்கிறார். ஆணையம் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும் என்பதற்காக, அந்தச் சாம்பல் கோட்டை இன்னும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.