ஹெச்.ஓ. ஸ்கேல் மாடல் ரயிலுக்கு பைப் ஃபிட்டிங்ஸ்னு சொல்லி ₹6,850 சுருட்டிட்டான், உஷாரா இருங்க

நேத்து சாயங்காலம் பார்சல் வந்துச்சு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ₹6,850. என் நிலைமைக்கு அது சின்னக் காசு இல்ல.

சென்னை மணலி ஏரியால, ஆலையை நிறுத்தி வச்சுப் பாக்கற ஷட்டவுன் வேலைக்கு காண்ட்ராக்ட் ஃபிட்டரா 22 வருஷம் போனவன் நான். இப்ப முழங்கால் போயிடுச்சு. மாடி ரூம்ல மாடல் ரயில் பண்றேன், ஹெச்.ஓ., 87ல ஒரு பங்கு. தண்டையார்பேட்டை ஆயில் டெர்மினல் மாதிரி ஒரு சைடிங், அதாவது பக்கத் தண்டவாளம், டேங்க் வேகன் வரிசை, ஆயில் நிரப்புற லோடிங் கேண்ட்ரி, ஓரமா பைப்பைத் தாங்குற ரேக். எட்டு இன்ச் லைனுக்குன்னு பாரிஸ் கார்னர்ல அலைஞ்சு 2.5 எம்.எம். பித்தளைக் கம்பி வாங்கி வச்சுட்டேன். பைப்பை போல்டு போட்டு இணைக்கற வளையமான ஃப்ளாஞ்சு, பைப் திரும்புற இடத்துக்கு எல்போ, கேட் வால்வு, இது மட்டும் கையால செய்ய வரல. போட்டோ போடுற ஆப்புல கடை விரிச்சிருந்த ஒரு த்ரீடி பிரிண்ட்காரன்கிட்ட கேட்டேன்.

போன்ல அந்தத் தம்பி சொன்னான்: "அண்ணா, எட்டு இன்ச்னா 203 எம்.எம்.னு கணக்குப் போட்டுடாதீங்க. வெளிவிட்டம் 219.1. அதை 87ஆல வகுத்தா உங்க கம்பி சரியா வரும்."

அங்கதான் விழுந்தேன். சைட்டுக்குப் புதுசா வர்ற பசங்களுக்கே இது தெரியாது, அடி வாங்கித்தான் கத்துக்குவாங்க. இவன் நம்மாளுடான்னு நெனச்சு ₹3,500 அனுப்பினேன். பத்து நாள் கழிச்சு "பிரிண்ட் ரெடிண்ணா"ன்னு ஒரு போட்டோ. மீதி ₹3,350உம் போச்சு.

டப்பாவைத் திறந்தா பிசுபிசுன்னு கையில ஒட்டுது. ரெசினை ஒழுங்கா கழுவி யு.வி. லைட்ல காட்டவே இல்ல. ஃப்ளாஞ்சைக் கம்பில கோர்த்தா பாட்டி கை வளையல் மாதிரி ஆடுது. வெர்னியர் வச்சேன், ஓட்டை 2.9. அதாவது 76ல ஒரு பங்கு, ஓ.ஓ. ஸ்கேல், இங்கிலீஷ்காரன் மாடலுக்கு உள்ளது. எவனோ போட்ட ஃபைலை அப்படியே பிரிண்ட் எடுத்திருக்கான். எட்டு போல்டு இருக்க வேண்டிய ஃப்ளாஞ்சுல நாலு. எல்போ எல்லாம் முட்டுச்சந்து மாதிரி மடங்குது. அகலமா வளையற லாங் ரேடியஸ்னு மூணு தடவை சொன்னேன்யா!

போன் பண்ணா, "0.4 எம்.எம்.தானேண்ணா, யாரு பாக்கப் போறாங்க?" நான் பாக்கறேன்டா! அப்புறம் "வண்டில இருக்கேன்". அப்புறம் "பார்ட்னர்கிட்ட பேசுங்க". பார்ட்னர் நம்பர் சுவிட்ச் ஆஃப். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வாய்ஸ் நோட்டு: "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." காலையில பாத்தா பிளாக். ₹6,850!

அஞ்சாறு விஷயம் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. முழுப் பணமும் முன்னாடி கட்டாதீங்க. ஒரே ஒரு சாம்பிள் ஃப்ளாஞ்சு வாங்கி உங்க கம்பில போட்டுப் பாத்துட்டு ஆர்டர் குடுங்க. ஸ்கேலையும் ஓட்டை அளவையும் எழுத்துல வாங்குங்க, போன்ல பேசினது செல்லாது. பில் கேளுங்க, நான் கேக்கல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுக்கப் போறேன், பாப்போம்.

கம்பி அப்படியே கெடக்கு. 2.5 ஓட்டையில எட்டு போல்டு ஃப்ளாஞ்சு யாராவது நிஜமா பண்ணித் தந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாத்துட்டுத்தான் காசு.